மொட்டையிலிருந்து பின்னல் வரை

ஆடிக் கிருத்திகை முடிந்த மறுநாள், திருத்தணியிலிருந்து வரும் ரயில் ஆவடியிலும் அம்பத்தூரிலும் நிற்கும்போது பாருங்கள். சந்தனம் பூசிய தலைகள் வரிசையாக இறங்கும். குழந்தைகள் உண்டு, ஆண்கள் உண்டு, பெண்களும் உண்டு. குழந்தையின் மொட்டையைத் தடவிக் கொஞ்சாதவர் கிடையாது. ஆண்பிள்ளையின் மொட்டையை ஒரு வாரத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். பெண்ணின் மொட்டைதான் ஒன்றரை வருஷத்துக்குப் பேச்சாக இருக்கும். "இவ்வளவு முடியையுமா கொடுத்துவிட்டாய்? பூமுடி கொடுத்தால் போதாதோ?" என்று பக்கத்து வீட்டு மாமி ஆரம்பிப்பார். "எப்போது வளருமாம்?" என்று நாத்தனார் முடிப்பாள்.

வேண்டுதலை நிறைவேற்றியதில் மனத்துக்கு நிம்மதிதான். ஆனால் கோயிலில் அரை மணி நேரத்தில் முடிந்த காரியத்துக்குப் பிறகு, வீட்டில் கழிக்க வேண்டிய இரண்டு வருஷத்தைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. டைபாய்டு காய்ச்சலில் முடி கொட்டிக் கத்தரித்துக்கொண்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து மீண்டு வந்தவர்கள், ஆசையாகப் 'பாப்' வெட்டிக்கொண்டு இப்போது பின்னலுக்கு ஏங்குகிறவர்கள், இவர்கள் எல்லோருக்கும் இதே பாதைதான். இந்த வாரம் அந்தப் பாதையைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். சற்றுத் தாராளமாக வளர்ந்தால் ஒன்றேகால். வருஷத்துக்கு ஐந்து அல்லது ஆறு அங்குலம். மொட்டைத் தலை தோள் அளவுக் கூந்தலாவதற்கு ஏறக்குறைய இரண்டு வருஷம், இடுப்புக்கு இறங்க நாலைந்து வருஷம் ஆகும். எந்த எண்ணெயும் இந்தக் கணக்கை மாற்றாது. "ஒரே மாதத்தில் முழங்கால் வரை" என்று விளம்பரம் செய்கிறவர்கள் வளர்ப்பது தங்கள் பணப்பெட்டியைத்தான்.

"மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும்" என்பதும் வெறும் நம்பிக்கையே. முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே கத்தி போனது அதற்குத் தெரியவே தெரியாது. 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறு அறிஞர், ஆண்களின் முகச் சவரத்தை வைத்து அளந்து பார்த்து, சவரத்தால் முடி தடிப்பதும் இல்லை, வேகமாக வளர்வதும் இல்லை என்று காட்டினார். நுனி மழுங்கி வெட்டப்பட்டிருப்பதால் புது முடி கையில் முரடாகப் படுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

முதல் மாதம் தலைத்தோலைக் காப்பாற்ற வேண்டிய மாதம். மழிக்க உட்காரும்போதே புது பிளேடுதானா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. சந்தனம் குளிர்ச்சிதான், ஆனால் நாள் முழுவதும் வெயிலைத் தடுக்காது. வெளியே போகும்போது மெல்லிய பருத்தித் துணியோ, புடவைத் தலைப்போ தலைமேல் இருக்கட்டும். கடையில் வாங்கும் சந்தனப் பொடி எரிச்சல் தந்தால் உடனே கழுவிவிடுங்கள். கீறல் பட்ட இடத்தில் சீழ் வைத்தால் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவது, மூன்றாவது மாதங்களில் முடி முள்ளம்பன்றி போலக் குத்திட்டு நிற்கும். கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காத சமயம் இது. முடிக்குச் செய்யக்கூடியது ஒன்றுமில்லாவிட்டாலும் முகத்துக்குச் செய்யலாம். சற்றே பெரிய ஜிமிக்கி, நெற்றியில் பளிச்சென்று ஒரு பொட்டு, அழுத்தமான நிறத்தில் ரவிக்கை இருந்தால் பார்ப்பவர் கண் தலைக்குப் போகாது. அடக்கமாக ஒரு ஸ்கார்ஃப் கட்டிக்கொள்வதும் அழகே.

நாலாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம் வரைதான் உண்மையான சோதனை. பல பெண்கள் பொறுமை இழந்து மறுபடியும் ஒட்ட வெட்டிக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். காரணம் எளிது. தலை முழுவதும் முடி ஒரே அளவில் வளர்ந்தாலும், பிடரியில் இருப்பது உடனே கழுத்தில் இறங்கி வாத்து வால் மாதிரி நீட்டிக்கொள்ளும். உச்சியில் இருப்பது காதுக்கு வரவே மாதக்கணக்கில் ஆகும். ஆகவே உச்சி முடியை விட்டுவிட்டுப் பிடரி முடியை மட்டும் ஆறு, எட்டு வாரங்களுக்கு ஒரு முறை கத்தரித்து வாருங்கள். உச்சி முடி இறங்கி வந்து கீழ்முடியை எட்டிப் பிடித்ததும், லட்சணமான 'பாப்' ஒன்று தானாகவே அமைந்திருக்கும். பார்லரில் "கொஞ்சம் ட்ரிம் பண்ணுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் சுற்றிலும் வெட்டிவிடுவார்கள். பிடரி மட்டும் என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

முன்நெற்றி முடி கண்ணில் விழுந்தால் பக்க வகிடு எடுத்து இரண்டு ஹேர்பின் செருகலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் பின்னை மட்டும் நம்பக் கூடாது. தலையை முழுதும் மூடித் துணி கட்டிக்கொள்ள வேண்டும். குட்டை முடியை வலிக்க வலிக்க இழுத்து ரப்பர் பாண்டு போடாதீர்கள். நாளடைவில் நெற்றியோரம் முடி உதிர்ந்து ஏறிக்கொண்டே போகும். பின்னல் ஒரு சாண் நீளமாவது வரும்வரை சவுரியும் வேண்டாம்; அதன் பாரம் இளமுடியின் வேரை இழுக்கும். பூ வைக்காமல் எப்படி என்கிறீர்களா? கனகாம்பரம் கனமில்லாத பூ. நாலு விரல் நீளச் சரம் ஒன்றைப் பின்னால் செருகிக்கொண்டால் போதும். ஸ்கூட்டரில் போகிறவர்கள் ஈரத் தலையோடு ஹெல்மெட் போடக் கூடாது. உள்ளே ஒரு பருத்தித் துணி கட்டிக்கொண்டால் வியர்வையையும் உறிஞ்சும்.

இனி தண்ணீர் விஷயம். செம்பரம்பாக்கம், புழல் என்று பெரிய ஏரிகளுக்கு நடுவே நாம் குடியிருந்தாலும், பல வீடுகளில் குளிக்கக் கிடைப்பது ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர்தான். அதில் சோப்புப் போட்டால் நுரைக்குப் பதில் வெள்ளையாகப் பிசுக்குத்தான் படியும். முடி கயிறு மாதிரி சிக்குப் பிடிக்கும். சீயக்காய்க்கு அந்தத் தொல்லை கிடையாது. சோறு வடித்த கஞ்சியில் சீயக்காய்த் தூளைக் கரைத்துத் தேய்த்து அலசுவது நம் பாட்டிமார் வழக்கம். ஷாம்பூவும் உப்புத் தண்ணீரில் பிசுக்காகாது. மென்மையானதாகப் பார்த்து வாங்கினால் சரி. எதுவானாலும் கடைசி ஒரு சொம்பு மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் பிடித்த மழைநீர் இருந்தால் இன்னும் விசேஷம்.

எண்ணெய் முடியை வேகமாக வளர்க்காது என்றேன். அதற்காக எண்ணெயே வேண்டாம் என்று அர்த்தமில்லை. தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவி, தலைக்குக் குளிக்கும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. புதிதாக வளர்வதைத் துரிதப்படுத்த முடியாது. வளர்ந்தது ஒடியாமல் காக்க முடியும். ஈரமாக இருக்கும்போது சீப்பை வைத்து இழுக்காமல் விரலால் சிக்கெடுப்பது, அகலப் பல் சீப்பு வைத்துக்கொள்வது, சூடான இயந்திரங்களைத் தள்ளி வைப்பது எல்லாம் இதற்காகத்தான்.

வயிற்றுக்குள் போவதும் முக்கியம். முடி என்பதே புரதம். பருப்பு, சுண்டல், முட்டை, பால் இவற்றில் ஏதாவது தினமும் இருக்க வேண்டும். முருங்கைக்கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சம்பழமோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது சகஜம். கடும் காய்ச்சலோ பிரசவமோ ஆகி இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் கலங்காதீர்கள். பெரும்பாலும் ஆறு மாதத்தில் சமாளித்து வளர்ந்துவிடும். அதற்குப் பிறகும் நிற்காவிட்டாலோ, வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ தோல் டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகையோ தைராய்டு கோளாறோ காரணமாக இருக்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வரும் முடி முதலில் சுருளாகவோ வேறு நிறமாகவோ முளைப்பது உண்டு. அதற்கும் பயப்பட வேண்டாம்.

கடைசியாக வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. மழித்த தலையோடு ஒரு பெண் நின்றால் வயதானவர்கள் மனம் கலங்குவதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் சில குடும்பங்களில், கணவனை இழந்தவள் சிறு பெண்ணாக இருந்தாலும் தலையை மழித்து மூலையில் உட்கார்த்தினார்கள். 1886-ல் பிறந்த சகோதரி சுப்பலட்சுமியும் பால்ய விதவைதான். அவருடைய பெற்றோர் ஊர் வழக்கத்தைத் தள்ளிவிட்டு, கூந்தலை எடுக்காமல் படிக்க வைத்தார்கள். 1911-ல் பட்டம் பெற்ற அவர், மறு வருஷமே இளம் விதவைகளுக்காகச் சென்னையில் ஓர் இல்லம் தொடங்கினார். கூந்தல் அவரவருக்குச் சொந்தம் என்பதை அந்தப் பெற்றோர் அந்தக் காலத்திலேயே அறிந்திருந்தார்கள்.

ஆகவே தானாக மனமுவந்து முடி கொடுத்து வந்தவளைப் பார்த்துப் பரிதாபப்படுவது வேண்டாம். அதே போல, மாமியார் நேர்ந்துகொண்டதற்கு மருமகள் தலையைக் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்துவதும் நியாயமில்லை. நேர்ந்துகொண்டவர் தம் முடியைக் கொடுக்கட்டும், சுவாமி கோபித்துக்கொள்ளமாட்டார். அடுத்த முறை அவளைப் பார்க்கும்போது "எவ்வளவு வளர்ந்திருக்கிறது?" என்று தலையை அளக்காமல், "வாம்மா, சௌக்கியமா?" என்று கேளுங்கள். முடி அதன் கணக்கில், மாதம் ஒரு சென்டிமீட்டராக, வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.