சன்னிதிக்கு ஒரே வரிசை: கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும், இந்து சமய அறநிலையத் துறைக்கும், அறங்காவலர்களுக்கும், ஆசிரம நிர்வாகிகளுக்கும்:

திருநின்றவூர்ப் பூசலாரிடம் கோயில் கட்டப் பணம் இல்லை. மனத்துக்குள்ளேயே அடித்தளம் போட்டு, விமானம் எழுப்பி, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் கற்றளி எடுத்த மன்னனும் அதே நாளைக் குறித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் வந்து, உன் விழாவைத் தள்ளி வை, நான் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொன்னதாகப் பெரிய புராணம் கூறுகிறது.

அந்தப் புராணம் சொற்பொழிவாகும் கோயில்களில்தான் இன்று சிறப்புத் தரிசனச் சீட்டு விற்கிறார்கள். விசேஷ நாளில் விடியற்காலை வந்த மூதாட்டி கம்பித் தடுப்பைப் பிடித்தபடி உச்சிக்காலம் வரை நிற்கிறார். சீட்டு வாங்கியவர்கள் பக்கத்துத் தடத்தில் அவரைக் கடந்து போகிறார்கள். ஒருவழியாகச் சன்னிதிக்கு வந்து கையைக் கூப்புவதற்குள் “நகருங்க, நகருங்க” என்ற குரல். அவருக்குக் கிடைப்பது மூலவரின் ஒரு பக்கத் தோளும் விளக்குச் சுடரும்தான். எங்களில் ஒருவர் கோயில் வாசலில் பூக் கட்டுபவர். அவர் தொடுத்த மல்லிகை தினமும் கருவறைக்குள் போகிறது. கடையை விட்டால் அன்றைய கூலி போகும் என்பதால் அவர் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறார்.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். சாதியின் பேரால் மூடியிருந்த கதவு அப்படித் திறந்தது. அதே வாசலில் பணத்தின் பேரால் இன்னொரு தடுப்பு நிற்பதை நாங்கள் ஏற்கவில்லை. எனவே கோருகிறோம்:

1. கட்டணத் தரிசன வரிசையை ஒழியுங்கள். முதற்படியாகச் சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசி, கந்த சஷ்டி, பௌர்ணமி, அமாவாசை நாள்களில் உடனே நிறுத்துங்கள். முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருவோருக்கு மட்டும் முன்னுரிமை கொடுங்கள்.

2. ‘தர்ம தரிசனம்’ என்ற பலகையைக் கழற்றுங்கள். எங்களுக்கு யாரும் பிச்சை போடவில்லை. ‘பொது தரிசனம்’ என்று எழுதுங்கள்.

3. வரிசையில் குடிநீர், இருக்கை, கழிப்பறை, மின்விசிறி வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நுழைவிடத்திலேயே அறிவியுங்கள்.

4. தட்டில் விழும் காசைப் பார்த்து மாலையும் பிரசாதமும் தரும் வழக்கத்தை நிறுத்துங்கள். திருநீறும் தீர்த்தமும் எல்லார் கையிலும் ஒரே மாதிரி விழட்டும்.

5. பூக் கட்டுவோர், துப்புரவுப் பணியாளர், செருப்புக் காப்போர் ஆகியோருக்கு நடை திறந்ததும் தினமும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

6. சீட்டு வருமானம் போனால் கோயில் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். கோயில்களுக்கு 4 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் இருப்பதாகத் துறையே சொல்கிறது. குத்தகை பாக்கியையும் கடை வாடகையையும் முதலில் வசதி படைத்தவர்களிடம் வசூலியுங்கள். வரவு செலவைக் கோயில் வாசலில் எழுதி வையுங்கள்.

7. வடலூரில் வள்ளலார் 1867இல் தருமசாலையில் அடுப்பு மூட்டிய பிறகுதான் 1872இல் ஞானசபையைத் திறந்தார். பசித்த வயிற்றோடு தியானம் கூடாது. 2002இல் தொடங்கிய அன்னதானத் திட்டம் பல கோயில்களில் மதியத்தோடு நிற்கிறது. அதை இரவுக்கும் நீட்டுங்கள்.

8. திருமுறை, திவ்வியப் பிரபந்தம், யோகம், தியானம் ஆகியவற்றைக் கோயில் மண்டபங்களில் கட்டணமின்றி, வேலை முடிந்து வரும் மாலை நேரத்தில் கற்றுக்கொடுங்கள். பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரத்தை இராமானுசர் திருக்கோட்டியூரில் ஊரறியச் சொன்னதாகத்தான் வைணவ மரபு போற்றுகிறது.

9. ஆசிரமங்களே, அடிப்படைப் பயிற்சிக்குக் கட்டணம் வாங்காதீர்கள். கோயங்கா மரபின் பத்து நாள் விபாசனா முகாம்கள், முன்பு பயின்றவர்கள் தரும் நன்கொடையால் மட்டுமே நடக்கின்றன. உங்களாலும் முடியும். பத்து நாள் கூலியை இழக்க முடியாதவர்களுக்காக ஞாயிறு வகுப்பும் நடத்துங்கள்.

நாங்கள் சலுகை கேட்கவில்லை. பணம் உள்ளவரை வெளியே நிறுத்தவும் சொல்லவில்லை. அவரும் எங்களோடு வரிசையில் நிற்கட்டும் என்கிறோம். வரும் தை முதல் நாளுக்குள் முதல் கோரிக்கையை நிறைவேற்றுங்கள். இதைப் படிக்கும் அன்பர்களே, அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது சீட்டு வாங்காமல் எங்கள் பின்னால் வந்து நில்லுங்கள்.

இப்படிக்கு,
பொது வரிசையில் நிற்பவர்கள்