ரப்பின்னா பூசாரி இல்லீங்கோ!

மக்களே, ரொம்ப நாளா மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டு இருக்குற மேட்டர் இது. இன்னைக்கு ஆபீஸ்ல ஆணி கம்மி, கொட்டிடுறேன்.

யூதர்களைப் பத்தித் தமிழ்ல எழுதுறவங்க பல பேர், 'ரப்பி'ன்னு ஒரு சொல் வந்தா உடனே 'யூதப் பூசாரி', 'யூதப் பாதிரியார்'னு போட்டுட்டுப் போயிடுறாங்க. அட சாமிகளா, பூசாரிக்கு எபிரேயத்துல தனிச் சொல்லே இருக்கு: கோஹேன். அது ஆரோன் வம்சத்துல பொறந்தாத்தான் கிடைக்கும். கி.பி. 70ல ரோமானியர்கள் ஜெருசலேம் கோயிலை இடிச்சப்பவே பலியும் போச்சு, கோஹேனோட முக்கால்வாசி வேலையும் போச்சு.

ரப்பிங்கிறது படிச்சு வாங்குற பேரு. 'ரவ்'ன்னா பெரியவர், ஆசான். கடைசியில ஒட்டியிருக்குற 'ஈ'க்கு 'என்'னு அர்த்தம். ஆக, 'என் ஆசானே'. நம்ம 'எம்பெருமான்' மாதிரி ஒரு கட்டுமானம். தமிழ் பைபிள்ல யோவான் முதல் அதிகாரத்துலயே 'ரபீ'ன்னு போட்டு, போதகர்னு பொருளும் சொல்லியிருக்கு. அதைப் புரட்டியிருந்தாலே போதும்!

பத்து ஆம்பளைங்க கூடினா ரப்பி இல்லாமலே சபைத் தொழுகை நடக்கும். அவர் வேலை சட்டம் சொல்றது, பாடம் சொல்றது. 12ம் நூற்றாண்டு மைமோனிடீஸ் எகிப்துல வைத்தியர். தோராவை வச்சு வயிறு வளர்க்குறவங்களை வெளுத்து வாங்கினவர். இதுல இன்னொரு அழகும் உண்டு. பழைய கணக்குப்படி ரவ்வை விட ரப்பி பெருசு, ரப்பியை விட ரப்பான் பெருசு, ரப்பானை விட வெறும் பேரு பெருசு. ஹில்லேலுக்கு அடைமொழியே கிடையாது!

சரி, படிப்புக்குத்தான் பட்டம்னு இவ்வளவு தெளிவா இருக்கே, பொண்ணு படிச்சா? இங்கதான் எனக்குக் கடுப்பாகுது. 1935லயே ஜெர்மனியில ரெஜினா யோனாஸ் ரப்பி ஆயிட்டாங்க (1944ல ஆஷ்விட்ஸ்ல கொன்னுட்டாங்க). சீர்திருத்தப் பிரிவு 1972ல சாலி பிரீசாண்டுக்குக் கொடுத்துடுச்சு. ஆனா வைதீகப் பிரிவுல? 2009ல சாரா ஹர்விட்ஸ் படிச்சு முடிச்சாங்க. கொடுத்த பட்டம் 'மஹாரத்'. நாலு சொல்லோட முதலெழுத்தைச் சேர்த்துப் புதுசா செஞ்சது. 2010ல அவங்க ஆசான் ஆவி வைஸ் அதை 'ரப்பா'ன்னு மாத்தினார். அவ்வளவுதான், பூகம்பம். இனி வேற யாருக்கும் அந்தப் பேரைக் கொடுக்க மாட்டேன்னு அவர் ஒத்துக்க வேண்டியதாப் போச்சு. 2015ல அமெரிக்க வைதீக ரப்பிகள் சங்கம் ஒருபடி மேல போய், எந்தப் பேருல கொடுத்தாலும் கூடாதுன்னு தீர்மானம் போட்டுச்சு.

பாரம்பரியம்னு சொல்றாங்க. எந்தப் பாரம்பரியம்? குருவிடமிருந்து சீடனுக்குத் தொடர்ந்து வந்த ஆதி 'ஸ்மிகா' எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னாடியே அறுந்து போச்சு. அதை அவங்களே ஒத்துக்குவாங்க. இன்னைக்கு ஆம்பளை ரப்பி கையில இருக்குறதும் இன்னின்ன சட்டம் படிச்சுத் தேறினார்ங்கிற சான்றிதழ்தான். அதே புத்தகம், அதே பரீட்சை. பாஸ் பண்ணினது பொண்ணுன்னா மட்டும் சிலபஸ்ல இல்லாத கேள்வி எங்கேருந்து வருது? பெண்ணுக்கு அதிகாரப் பதவி கூடாதுன்னு மைமோனிடீஸையே காட்டுறாங்க. காட்டட்டும். தோராவால பொழைப்பு நடத்தக் கூடாதுன்னும் அதே மனுசன்தான் சொன்னார். சம்பளத் தேதியில மட்டும் அது ஞாபகம் வராதாக்கும் :-)

அந்த 2015லயே, ஹர்விட்ஸோட பள்ளியில தேறின லீலா ககேடன் ரப்பாவும் வேணாம், மஹாரத்தும் வேணாம்னு நேரா 'ரப்பி'ன்னே போட்டுக்கிட்டாங்க.