ஒண்ணாம் நம்பர் பஸ்ஸும் ஒரு டபரா காபியும்

நாலு வருஷம் திருச்சியில படிக்கிறோம். மலைக்கோட்டையை பஸ் ஜன்னல் வழியா நூறு தடவை பார்த்திருப்பீங்க. ஆனா அதோட அடிவாரத்துல, டவுன் ஹால் வளாகத்துல இருக்கிற ராணி மங்கம்மாள் மகாலுக்குள்ள போயிருக்கீங்களா? நாயக்கர்களோட அந்த தர்பார் மண்டபம்தான் இன்னைக்கு நம்ம அரசு அருங்காட்சியகம்.

லண்டன் போறவங்க பகல்ல மியூசியம் பார்த்துட்டு, சாயங்காலம் ஒரு பழைய பப்ல உட்கார்ந்து பேசுவாங்க. பார்த்ததைப் பேச ஒரு இடம் வேணும்ல? நமக்கு அதுக்கு காபி கடை இருக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்புங்க. (வெள்ளிக்கிழமை வேண்டாம், அருங்காட்சியகத்துக்கு லீவு.) ஜங்ஷன் பக்கத்துல 2014ல திறந்த ரயில்வே மியூசியத்துல ஆரம்பிக்கலாம். தென்னிந்திய ரயில்வேக்குத் தலைமையிடமா இருந்த ஊர் இது. அப்புறம் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடிச்சு சத்திரத்துல இறங்கி, மெயின் கார்டு கேட், தெப்பக்குளம் வழியா மகாலுக்கு நடங்க. திரும்ப அதே பஸ்ல காவிரியைத் தாண்டினா ஸ்ரீரங்கம். கோயிலுக்குள்ள இருக்கிற மியூசியத்துல நாயக்கர் காலத்துத் தந்தச் சிற்பங்களைப் பாருங்க. கடைசியா சித்திரை வீதிப் பக்கம் ஒரு ஃபில்டர் காபி.

அந்த டபராவைக் கையில எடுக்கும்போது ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். எல்லாரும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்து காபி குடிக்கிறது சும்மா கிடைச்சது இல்ல. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடங்கள்ல பிராமணர்களுக்குத் தனி இடம், மத்தவங்களுக்குத் தனி இடம்னு ஒரு காலத்துல பிரிச்சு வச்சிருந்தாங்க. பெரியாரும் அவரோட தோழர்களும் எதிர்த்துப் போராடி, 1941லதான் அது ஒழிஞ்சது. அதோட முடிஞ்சும் போகல. 2012ல இதே ஸ்ரீரங்கத்துல ஒரு ஓட்டல் பேர்ல ‘பிராமணாள்’னு போட்டதை எதிர்த்துப் போராட்டம் நடந்துச்சு.

மியூசியத்துல ராஜாக்களோட சாமான் பத்திரமா இருக்கு. நம்ம தாத்தாவை எந்தக் கடை உள்ள விட்டுச்சு, எந்தக் கடை வெளியவே நிக்க வச்சுச்சுங்கிற கதைக்குத்தான் கண்ணாடிப் பெட்டி கிடையாது. அது பெரியவங்க வாயிலதான் இருக்கு. அவங்க இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கணும்.

அதனால என் கோரிக்கை இதுதான்: ஃபர்ஸ்ட் இயர் பசங்க வந்ததும் ஆடிட்டோரியத்துல உட்கார வச்சு பிபிடி ஓட்டுறோமே, அதுல ஒரு நாளை இந்த நடைக்குக் கொடுங்க. சீனியர்ஸ் கூட்டிட்டுப் போங்க. கல்லாவுல இருக்கிற பெரியவர்கிட்ட, “ஐயா, இந்தக் கடை எப்போ ஆரம்பிச்சது? அப்போ யார் யார் உள்ள வருவாங்க?”ன்னு கேளுங்க. அவர் சொல்றதை போன்ல பதிவு பண்ணி, எழுதி, நம்ம இதழுக்கே அனுப்புங்க.