முன் கண்ணாடிக்கும் முத்திரை வேண்டும்

சில மாதங்களுக்கு முன், மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நமது உறுப்பினர் ஒருவர் விருதுநகரில் பருப்புக் கொள்முதலை முடித்துக்கொண்டு நாற்கரச் சாலையில் ஊர் திரும்பிக் கொண்டிருந்தார். முன்னே சென்ற ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து அவரது காரின் முன் கண்ணாடியில் பட்டது. மிளகு அளவுக் காயம்தான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். வெயிலில் கார் காய்வதும், ஏறியவுடன் ஏ.சி.யை முழு வேகத்தில் வைப்பதுமாக இருந்ததில், பத்தே நாளில் அந்தக் காயம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரிசலாக ஓடிவிட்டது.

கார் நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் விசாரித்தார். கண்ணாடிக்கு ஒரு விலை, கேமரா காலிபரேஷன் என்று தனியாக ஒரு தொகை, சரக்கு வந்து சேர இரண்டு வாரம் என்றார்கள். கடைவீதியில் கண்ணாடி மாற்றும் கடைக்காரரோ, "கண்ணாடி கண்ணாடிதானே அண்ணாச்சி, மத்தியானத்துக்குள்ள முடிச்சுத் தர்றேன்" என்றார். விலையும் பாதிக்குக் கீழே. நாமாக இருந்தாலும் அங்கேதான் விட்டிருப்போம். வேலையும் சுத்தம், ஒரு சொட்டுத் தண்ணீர் கசியவில்லை. எச்சரிக்கை விளக்கு ஒன்றும் எரியவில்லை. மூன்றாம் நாள், ஆளரவமற்ற நேர் சாலையில், ஸ்டியரிங் தானாகவே சாலை நடுத்திட்டை நோக்கி இழுத்தது. பின் இருக்கையில் மனைவியும் பேரனும் இருந்தார்கள். முப்பது வருடம் வண்டி ஓட்டிய கை என்பதால் பிடித்துத் திருப்பிவிட்டார்.

அம்பாசடர் காலத்தில் முன் கண்ணாடியின் வேலை காற்றையும் தூசியையும் தடுப்பதோடு சரி. இன்று வரும் பல கார்களில், உள்ளே இருக்கும் பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா உட்கார்ந்திருக்கிறது. சாலையின் வெள்ளைக் கோடுகளைப் பார்த்து வண்டியைத் தடத்தில் வைப்பதும், எதிரே தடங்கல் கண்டால் பிரேக் போடுவதும் அது காட்டும் காட்சியை நம்பித்தான். மழையைக் கண்டு வைப்பரை ஓட்டும் சென்சாரும் அங்கேயே இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் கண்ணாடிக்குள் பாய்ச்சி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கிறது. வெளிப்புறத்தில் மழைத்துளி இருந்தால் திரும்பும் ஒளி குறையும். சென்சாருக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒட்டும் மெல்லிய பசைத் தகட்டில் காற்றுக் குமிழி நின்றுவிட்டால் இந்தக் கணக்கு தவறிப்போய், வெயிலில் வைப்பர் ஓடும், மழையில் நிற்கும்.

கேமராவின் கதை அதைவிடக் கடுமை. அதைத் தாங்கும் பிடி கண்ணாடியிலேயே ஒட்டப்பட்டு வருகிறது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு கண்ணாடிகளில் இந்தப் பிடி இம்மியளவு சாய்ந்திருந்தாலும் கேமராவின் பார்வை மாறிவிடும். கோணம் ஒரே ஒரு டிகிரி தப்பினால், 100 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மீட்டர் விலகும். நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலமே 3.5 மீட்டர்தான், அதில் பாதி போயிற்று. ஆகவேதான் கண்ணாடி மாற்றியபின் கேமராவுக்குப் புதிதாக நேர் பார்த்துக் கொடுக்க வேண்டும். சமதளமான இடத்தில் அளந்து நிறுத்திய பலகைகளைக் காட்டியோ, கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் குறித்த வேகத்தில் ஓட்டியோ அதைச் செய்கிறார்கள். சில வண்டிகளுக்கு இரண்டும் வேண்டும். காலிபரேஷன் என்பது இதுதான். பில்லைப் பெருக்க வைத்த வெற்றுச் சொல் என்று நாமும் முதலில் நினைத்தோம், அப்படியில்லை.

நம் கடையில் உள்ள மின்னணுத் தராசை எண்ணிப் பாருங்கள். ஆண்டுதோறும் முத்திரை வைத்தாக வேண்டும். சான்றிதழைக் கடையில் மாட்டி வைக்கிறோம். நூறு கிராம் சீரகம் நிறுப்பதற்கு இவ்வளவு கண்டிப்பு. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரின் கண் நேராக இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பார் யாருமில்லை.

நிற்க. நம் உறுப்பினர் மறுபடி சர்வீஸ் நிலையத்துக்கே போனார். "வெளிக் கண்ணாடிக்கு நாங்கள் காலிபரேஷன் செய்ய மாட்டோம், எங்கள் கண்ணாடியைப் போட்டால் செய்கிறோம்" என்று பதில் வந்தது. இரண்டாம் முறையாகக் கண்ணாடிக்குப் பணம் கட்டினார். கண்ணாடிக் கடைக்காரர் அறியாமல் செய்தார். இவர்கள் அறிந்தே வாசலை அடைத்தார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நமக்கு மனம் வரவில்லை.

கண்ணாடிக் கடைக்காரரும் நம்மைப் போன்ற சிறு வியாபாரிதான். பெரிய கடைகளால் நசுக்கப்படுகிறோம் என்று குரல் கொடுக்கும் நாம், அவர் தொழிலை இழப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இது புதிய வழக்குமல்ல. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவற்றைக் கிடைக்கச் செய்யும்படியும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீடு சென்றன. 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்திலும் வாகனத் துறை ஒரு பிரிவாக இருக்கிறது. காகிதத்தில் உள்ள இந்த உரிமை கடைவீதிக் கண்ணாடிக் கடை வரை வந்து சேர வேண்டும். அதே சமயம், தெரியாத வேலையைத் தெரிந்ததுபோல் செய்துவிட்டுச் சிறு வியாபாரி என்ற பெயரில் ஒளிந்துகொள்ளவும் இடமில்லை. கண்ணாடியை மட்டும் மாற்றுகிறவர், கேமராவை வேறிடத்தில் நேர் பார்க்க வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லி, பில்லிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். சொன்னால் வியாபாரம் போய்விடும் என்று அஞ்சுவது நமக்குப் புரிகிறது. காலாவதியான சரக்கை எடுத்துப் போடும்போதும் நமக்கு அந்த வலிதானே?

காப்பீட்டில் நம்மவர்கள் பலர் ஏமாந்து போகிறார்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் கண்ணாடிக்கு ஒரு பைசா வராது. முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி தேய்மானம் பிடிப்பார்கள்; கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது. 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் நாம் ஏற்க வேண்டும். கிளெய்ம் போட்டால், அதற்கென்று கூடுதல் பாதுகாப்பு எடுத்திராவிட்டால், 'நோ கிளெய்ம் போனஸ்' போகும். அது முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறுவது. பழைய கண்ணாடிக்குக் கைக்காசைப் போட்டுவிடுவதே லாபமாக இருந்தது. கேமராக் கண்ணாடிக்கு அந்தக் கணக்கு மாறிவிட்டது. உட்கார்ந்து கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வேலையைத் தொடங்குமுன் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும். காலிபரேஷன் தொகையையும் சேர்த்து ஏற்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். கண்ணாடிக்குக் கொடுத்து அதை மறுப்பது, தராசுக்குப் பணம் கொடுத்து முத்திரைக்கு மறுப்பதைப் போன்றது. இன்னொன்று: கடைப் பெயரில் கார் வாங்கியிருந்தாலும், பயணிகள் காரின் பழுதுச் செலவுக்கு ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு பொதுவாகக் கிடையாது. சரக்கு ஏற்றும் லாரிக்கு உண்டு. இரண்டு பில்லையும் கலந்து கணக்கரிடம் கொடுத்துவிட்டுப் பிறகு நோட்டீஸ் வாங்க வேண்டாம்.

காயம் சிறிதாக இருக்கும்போதே, தூசி புகாமல் ஒரு டேப்பை ஒட்டிக்கொண்டு கடைக்குப் போனால் பிசின் நிரப்பிச் சரிசெய்துவிடலாம். ஓட்டுநரின் பார்வைக்கு நேராகவோ கேமராவின் முன்போ இருந்தால் மட்டும் மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றியபின் பசை காய அவர்கள் சொல்லும் நேரம் வரை வண்டியை எடுக்காதீர்கள். விபத்தில் முன் பக்க ஏர்பேக் பல கார்களில் இந்தக் கண்ணாடியின்மேல் சாய்ந்துதான் விரிகிறது.

கண்ணாடி, கூலி, காலிபரேஷன் மூன்றுக்கும் தனித்தனி விலை. காலிபரேஷன் முடிந்ததற்கு இயந்திரம் அச்சிட்ட அறிக்கை. உரிய தரமுள்ள வெளிக் கண்ணாடியானாலும் கட்டணம் வாங்கிக்கொண்டு நேர் பார்த்துக் கொடுக்கும் கடமை. இவற்றை விதியாக்கும்படி அரசைக் கேட்டு நம் சங்கம் மனு தயாரிக்க வேண்டும் என்பது நமது கருத்து. நம் உறுப்பினர் தமது இரண்டு பில்களையும் கொடுத்திருக்கிறார். இதே அனுபவம் உள்ளவர்கள் நகல் அனுப்பினால் மனுவோடு இணைத்துக்கொள்ளலாம்.