லட்டு முதல் பெருங்காயம் வரை: உணவு ஒவ்வாமையின் உள்ளூர்க் கணக்கு

உணவு ஒத்துக்கொள்ளாமல் போவதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. உணவிலுள்ள புரதத்தை உடலின் எதிர்ப்பாற்றல் பகையாகக் கருதித் தாக்குவது ஒவ்வாமை. அதற்குத் துளி அளவே போதும். தடிப்பு, உதட்டு வீக்கம், மூச்சுத்திணறல், இரத்த அழுத்தச் சரிவு என்று சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகலாம். உணவின் ஒரு கூறைச் செரிக்க இயலாமல் வயிறு உப்புவதும் பேதியாவதும் சகியாமை. அது உண்ட அளவைப் பொறுத்தது. துன்பம் தரும், உயிரைப் பறிக்காது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் தேவையற்ற பத்தியமும் வரும், தேவையான எச்சரிக்கையும் தவறும்.

பால்வளம் மிக்க சித்தூர் வட்டாரத்தில் பாலே இதற்கு நல்ல சான்று. 1981இல் வெளியான ஓர் ஆய்வில், பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்க இயலாதவர்கள் தில்லியில் 27.4 விழுக்காடு, திருவனந்தபுரத்திலும் புதுச்சேரியிலும் 66.6 விழுக்காடு. ஆகவே ஒரு டம்ளர் பாலுக்கு வயிறு இரைவது தென்னிந்தியரிடையே நோயல்ல, இயல்பு. இவர்களுக்குத் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். பால் புரதத்தால் ஒவ்வாமை வருபவருக்கோ தயிரும் ஆகாது. சிறிதளவு புரதம் தங்கிய நெய்யும் ஐயத்துக்குரியது. வீட்டில் இருவரையும் ‘பால் ஆகாதவர்’ என்றே சொல்வார்கள். ஆனால் இருவரின் உணவு விதிகளும் வேறு.

கோதுமையிலும் இதே கவனம் வேண்டும். அதிலுள்ள குளூட்டன் குடலைச் சிதைக்கும் சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள்கள், 2016இல் வெளியான நாடளாவிய ஆய்வில், வட இந்தியாவில் 1.23 விழுக்காட்டினரிடம் காணப்பட்டன. சித்தூரை அடுத்துள்ள வேலூரில் 0.10 விழுக்காடுதான். நாகரிகத்துக்காக இங்கே கோதுமையைத் துறக்கக் காரணமில்லை. உண்மையிலேயே கோதுமை ஆகாதவரோ சப்பாத்தியைத் தவிர்த்தால் மட்டும் போதாது. ரசத்திலும் சாம்பாரிலும் சேரும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சிலருக்குக் கோதுமைப் பண்டம் உண்டபின் உடலை வருத்தினால் மட்டுமே ஒவ்வாமை வெடிக்கும். வலி மாத்திரை அதைக் கூட்டும். பூரி சாப்பிட்டவுடன் அலிப்பிரியிலிருந்து திருமலைக்கு மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளில் ஏறுவது அத்தகையவருக்கு ஆகாது.

திருப்பதி லட்டில் கடலை மாவு, சர்க்கரை, நெய், முந்திரி, உலர் திராட்சை, ஏலக்காய், கற்கண்டு சேர்கின்றன. இவற்றில் முந்திரியின் ஒவ்வாமை கடுமையானது. அது உள்ளவருக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஆகாது. முந்திரியின் குடும்பத்தையே சேர்ந்தது சித்தூரின் மாமரம். மாங்காய்ப் பால் பட்டால் சிலருக்கு உதடும் கையும் கொப்பளிக்கும். அது தோல் எதிர்வினை, பழத்தின் சதையைத் தின்றதால் வரும் ஒவ்வாமையல்ல.

உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள், சல்பைட் ஆகியவற்றைப் பொட்டல உறையில் அறிவிக்கச் சொல்கின்றன. அன்றைய பன்னாட்டுப் பட்டியலை அடியொற்றிய இந்த வரிசையில் கடலை மாவும் எள்ளும் இல்லை. நம் சமையலில் இரண்டும் அன்றாடம். சமைத்த உணவில், பத்துக்கும் குறையாத கிளைகள் கொண்ட உணவகங்கள் போன்றவையே விதிக்குள் வருகின்றன. தெருவோர மெஸ், மிட்டாய்க் கடை, கோயில் வாசல் அன்னதானம் ஆகியவற்றில் ஒரே எண்ணெயும் ஒரே கரண்டியும் பல பண்டங்களுக்குப் புழங்கும். பல மொழியினர் வந்துபோகும் யாத்திரைத் தலத்தில் பண்டங்களின் சேர்மானத்தைத் தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தியில் எழுதி வைப்பது செலவில்லாத சீர்திருத்தம்.

பரிசோதனை அறிக்கையை மட்டும் வைத்து உணவை விலக்கக் கூடாது. 2016இல் வெளியான கர்நாடக ஆய்வில், பெரியவர்களில் 26.5 விழுக்காட்டினரின் இரத்தத்தில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஒவ்வாமைக் கூறு இருந்தது. ஒவ்வாமை இருக்கக்கூடியவர் என்று கணிக்கப்பட்டவர்கள் 1.2 விழுக்காடு மட்டுமே. எதைத் தின்றபோது எவ்வளவு நேரத்தில் என்ன நடந்தது என்ற விவரமே முதல் சான்று. தோல் சோதனையும் மருத்துவர் முன்னிலையில் உண்ணும் சோதனையும் அதை உறுதிப்படுத்தும். நூறு உணவுகளைப் பட்டியலிடும் இரத்தச் சோதனையை நம்பிப் பருப்பையும் பாலையும் நிறுத்தினால் குழந்தை மெலிவதே மிச்சம்.

கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து அட்ரினலின். எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பெரியவருக்கு மிகுதியாக 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரை அரிப்பைத் தணிக்கும். மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் மீட்காது. தானே போட்டுக்கொள்ளும் பேனா ஊசி இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. அதே மருந்து அடைத்த மலிவான ஆம்பூல் என்னும் கண்ணாடிக் குப்பி மருத்துவமனைகளில் உண்டு. நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி, மூச்சுத்திணறினால் சாய்த்து உட்காரவைத்து, 108ஐ அழைக்க வேண்டும். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பலாம் என்பதால் மருத்துவக் கண்காணிப்பும் தேவை. திருமலையிலிருந்து திருப்பதியின் ரூயா மருத்துவமனைக்கோ சுவிம்ஸ் மருத்துவமனைக்கோ மலைப்பாதையில் இறங்கியே வர வேண்டும். எனவே படிவழி மருத்துவ முகாம்களிலும் அன்னதானக் கூடங்களிலும் ஆம்பூலும், அதைத் தயங்காமல் போடப் பயின்ற ஒருவரும் எப்போதும் இருக்க வேண்டும்.