கண் போனவரிடமும் கொள்ளையா?

முதுமையில் விழித்திரையின் நடுவிலுள்ள மாகுலா என்னும் சிறு பாகம் கெட்டு, எதிரில் நிற்பவர் முகமும் படிக்கும் எழுத்தும் மறைந்துபோகும் வியாதி ஒன்றுண்டு. ஓரப் பார்வை மாத்திரமே மிஞ்சும். இவ்வியாதிக்காரரிடம், "எங்கள் மருந்தால் இன்னார் குணமானார்" என்று விளம்பரம் செய்து பணம் பறிக்க ஒரு கூட்டம் உலகெங்கும் இருந்து வருகின்றது. ருஜு எங்கே என்றால் நற்சாட்சிக் கடிதங்களை நீட்டுகின்றார்கள். குணமானவன் கடிதம் எழுதுவான். கண்ணை இழந்தவன் எழுதுவானா என்று கேட்கின்றோம்.

ருஜு என்பது எப்படியிருக்க வேண்டும்? அமெரிக்க தேசியக் கண் நிலையத்தார் 2001-ல் முடிவு வெளியிட்ட பரீட்சையைப் பாருங்கள். 3,640 பேரைச் சீட்டுக் குலுக்கினாற்போல் பிரித்து, சிலருக்கு வைட்டமின்களும் துத்தநாகமும் கொண்ட மாத்திரையும், சிலருக்கு மருந்தில்லா வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது. பரிசோதித்த வைத்தியருக்கும் தெரியாது. பலன் என்ன? வியாதி நடுத்தர நிலையிலிருந்தவர்களுக்கும், ஒரு கண்ணில் முற்றிவிட்டவர்களுக்கும், ஐந்து வருஷத்தில் அது மேலும் முற்றும் அபாயம் 100-க்கு 25 பங்கு குறைந்தது. ஆரம்ப நிலையிலிருந்தவர்களுக்குப் பலன் காணவில்லை. இதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

அதோடு விட்டார்களா? 2013-ல் வந்த இரண்டாம் பரீட்சையில், மீன் எண்ணெய்ச் சத்தாகிய ஒமேகா-3 கூடுதல் பலன் தரவில்லை என்றும், பீட்டா கரோட்டின் முன்பு புகை பிடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயை அதிகமாக்குகிறது என்றும் கண்டு, தங்கள் மாத்திரையைத் தாங்களே திருத்தினார்கள். எந்த லேகியக்காரனாவது இப்படித் திருத்தியதுண்டா?

நிற்க, விலையும் ருஜுவாகாது. விழித்திரைக்கடியில் கெட்ட இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும் ஈர வகைக்கு, பார்வையைக் காக்கும் ஊசி மருந்துகள் மெய்யாகவே இருக்கின்றன. அவற்றில் அப்போது ஒரு ஊசிக்குச் சுமார் 2,000 டாலர் விலையிருந்த ரானிபிசுமாபையும், சுமார் 50 டாலரே ஆன பெவாசிசுமாபையும், அமெரிக்க அரசாங்கப் பணத்தில் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே கால இடைவெளியில் போட்டபோது ஒரு வருஷ முடிவில் இரண்டும் பார்வையைச் சமமாகவே காத்தன என்று 2011-ல் வெளியாயிற்று. மருந்து விற்பவன் இந்தக் கணக்கைத் தானாக எடுத்துப் பார்ப்பானா?

விஞ்ஞான வேஷத்துக்கும் ஏமாறக் கூடாது. அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலை, ஸ்டெம் செல் சிகிச்சை என்று சொல்லி, மூன்று மூதாட்டிகளிடம் தலைக்கு 5,000 டாலர் வாங்கிக்கொண்டு, அவரவர் உடற்கொழுப்பிலிருந்து எடுத்ததை இரு கண்களிலும் ஒரே நாளில் ஊசியால் செலுத்திற்று. மூவர் பார்வையும் பாழாயிற்று. 2017-ல் வைத்தியப் பத்திரிகையில் இது வெளிவந்தது. இத்தனைக்கும், ஆராய்ச்சி என்று அரசாங்கப் பதிவேட்டில் பதிவும் இருந்தது! பதிவு வேறு, பரீட்சை வேறு.

ஆகவே தோழர்களே, மருந்து சொல்பவன் பட்டதாரியானாலும் சரி, பரதேசியானாலும் சரி, நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தாய்? கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டாயா? பலனை எண்ணியவர் யார்? கெடுதல் என்ன? இதற்குப் பதிலில்லாதவனுக்குக் காசும் கொடுக்காதீர்கள், கண்ணையும் கொடுக்காதீர்கள். வீண் மருந்தில் கழியும் ஒவ்வொரு மாதமும், ஈர வகைக்காரருக்குத் திரும்பி வராத பார்வையாகும்.