"கிராண்ட்மாஸ்டர் ஆக எவ்ளோக்கா ஆகும்?"

திருவொற்றியூரில் நான் மாலை வகுப்பு எடுக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் செஸ் போர்டு இருக்கிறது. தொலைந்த குதிரைக்குப் பதில் சோடா மூடி. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், கன்டெய்னர் லாரி கிளீனரின் மகன், அதில் எல்லோரையும் ஜெயித்துவிட்டான். ஒருநாள் கேட்டான்: "கிராண்ட்மாஸ்டர் ஆக எவ்ளோக்கா ஆகும்?"

எத்தனை வருஷம் என்றல்ல, எவ்வளவு பணம் என்றுதான் கேட்டான்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். உடனே அவர் தமிழரா தெலுங்கரா என்ற சண்டை வந்தது. 'திறமை இருந்தால் போதும்' என்ற பழைய பாட்டும் கூடவே வந்தது. இடஒதுக்கீட்டைத் திட்டுகிறவர்களுக்கு செஸ் ரொம்பப் பிடிக்கும். 64 கட்டத்தில் சாதி இல்லையாம்!

குகேஷின் கதையையே பாருங்கள். அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர், அம்மா நுண்ணுயிரியலாளர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காக அப்பா தொழிலை நிறுத்தினார். வீடு அம்மாவின் வருமானத்தில் ஓடியது. நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளி இல்லை. 2017-18இல் பணத்துக்குத் திண்டாடியபோது பெற்றோரின் நண்பர்கள்தான் செலவை ஏற்றதாக குகேஷே சொன்னார். 2019 ஜனவரியில், 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். அந்தப் பிள்ளையின் உழைப்பை நான் குறைக்கவில்லை. படித்து நல்ல வேலையில் இருந்த வீட்டுக்கே மூச்சு முட்டிய பாதை இது. செலவை ஏற்க நண்பர்கள் இருப்பதும் ஒரு சொத்துதான். எங்கள் தெருவில் நண்பனால் தர முடிந்தது ஐந்நூறு ரூபாய் கைமாற்று.

ஏன் இவ்வளவு செலவு? கிராண்ட்மாஸ்டர்களும் பிறநாட்டவரும் ஆடும் போட்டிகளில் மூன்று 'நார்ம்' எடுக்க வேண்டும், ரேட்டிங் 2500ஐத் தொட வேண்டும். அந்தப் போட்டிகளைத் தேடி ஐரோப்பா வரை அலைய வேண்டும். விசா, விமானம், அறை, கூட ஒரு பெரியவர்.

வடசென்னைப் பிள்ளைகளுக்கு மூளை இல்லையா? ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024இல் அமெரிக்கா போய் கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்றாரே! கேரமுக்கு எங்கள் சந்துகளிலேயே கிளப் உண்டு, சொல்லித்தர அண்ணன்கள் உண்டு. செஸ்ஸுக்கு அது இல்லை.

அரசு குகேஷுக்கு 5 கோடி தந்தது, காசிமாவுக்கு 1 கோடி. இரண்டும் ஜெயித்த பிறகு வந்த பணம். எங்களுக்கு வேண்டியது முன்னால் வரும் பணம்: எண்ணூரிலும் ராயபுரத்திலும் கட்டணமில்லாத ரேட்டிங் போட்டிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்குச் சம்பளத்தோடு ஒரு பயிற்சியாளர், நார்ம் தேடிப் போக முன்பணம்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு முதல் ரேட்டிங் போட்டி. நுழைவுக் கட்டணத்தை நாலு பேர் சேர்ந்து கட்டினோம். கூட நான்தான் போகிறேன். அன்று அவன் அப்பாவுக்கு மணலியில் லோடு.